டிம் எடை(6) : பேசிக் மொழியில் அணிகளைப் பழகுவோம்

(இரண்டாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் மாணவன் எழுதியது)

 

மலருக்குக் கவிதை கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடம் எழுதத்தான் ஆள் இல்லை என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். அதனால் இந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எடுத்துக்கொண்ட பொருள் அணி. சி மொழிப் புத்தகத்தில் "அர்ரே" என்று ஒரு பாடம் வருமே, அதேதான். நம்ம கல்லூரியில் பாதிப்பேர் கணிப்பொறி மொழியைக் கைவிடுகிற இடம் இந்தப் பாடம்தான். அதுவரைக்கும் கூட்டல், கழித்தல், இஃப், ஃபார் என்று சமாளித்து வந்தவர்கள், அடைப்புக்குறிக்குள் இன்னொரு எழுத்து வந்ததும் "இது நமக்குச் சரிப்படாது மக்கா" என்று பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நம்மில் பலர் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. என் வீட்டிலும் அப்படித்தான். பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான். அதனால், யாருமே சொல்லித்தர இல்லாத ஒருத்தருக்குப் புரியணும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சி மொழியை விட்டுவிட்டு பேசிக் எதற்கு என்று கேட்பீர்கள். பேசிக் படிக்கிறவனுக்காகவே பிறந்த மொழி. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் உண்டாக்கினார்கள். 1964 மே 1 அன்று விடியற்காலையில் அதன் முதல் நிரல் ஓடியது. அறிவியல் படிக்காத மாணவனும் கணிப்பொறியைத் தொடணும் என்பது அவர்கள் எண்ணம். அப்போதெல்லாம் கணிப்பொறி என்றால் அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் விடைக்குக் காத்துக்கிடக்கிற பொருள். பிற்பாடு எம்எஸ்-டாஸ் காலத்தில் ஜிடபிள்யூ-பேசிக் வந்தது. 1991-இல் டாஸ் 5.0 உடன் க்யூபேசிக் வந்தது. நம்ம அண்ணன்மார் 90-களில் நாகர்கோவில் கம்ப்யூட்டர் சென்டர்களில் காசு கட்டிப் படித்ததெல்லாம் இதைத்தான். இன்றைக்கு க்யூபி64 என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டால் அந்தப் பழைய நிரல்கள் புதுக் கணிப்பொறியிலும் ஓடும். காசு ஒரு பைசா வேண்டாம்.

ஒரு சின்னக் குறிப்பு. இந்தக் கட்டுரையில் பேசிக் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். கணிப்பொறியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டணும். "டிம்", "ரீட்", "நெக்ஸ்ட்" எல்லாம் உச்சரிப்பை வைத்தே தெரிந்துவிடும். நான் வைத்திருக்கிற "எடை", "தொகை" போன்ற பெயர்களுக்கும் உங்களுக்குப் பிடித்த ஆங்கில எழுத்துப் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். "நேம்", "டேட்டா" மாதிரி பேசிக் தனக்கென்று எடுத்துக்கொண்ட சொற்களை மட்டும் வைக்காதீர்கள். கணிப்பொறி கோபிக்கும்!

அணி எதற்கு?

எங்க அம்மை அண்டி ஆபீசுக்குப் போகிறவள். முந்திரிப் பருப்பு எடுக்கிற வேலை. கூலி நாளுக்கு இல்லை, எடைக்கு. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பருப்பை நிறுத்துப் போடுவார்கள். அந்த எடையை என் தங்கச்சி ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பாள். ஒரு வாரத்துக் கணக்கைக் கிராமில் தருகிறேன்: 7600, 8400, 7800, 6900, 8700, 7500.

இதை நிரலில் வைக்க ஆறு மாறிகள் வேண்டும். திங்கள் = 7600, செவ்வாய் = 8400 என்று ஆறு வரி எழுதிவிடலாம். கூட்டுவதற்கு ஒரு நீளமான வரி. ஆறு நாளுக்குப் பரவாயில்லை. ஒரு வருஷக் கணக்கைக் கூட்டணும் என்றால்? முந்நூறு பெயர் வைக்கணும், முந்நூறு பெயரையும் பிளஸ் போட்டு எழுதணும். அதைவிட மோசம், "எந்த நாள் எடை அதிகம்?" என்று கேட்டால் ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு இஃப் போட்டு ஒப்பிடணும். ஃபார் சுற்றுக்குள் "அடுத்த நாள்" என்று சொல்ல வழியே கிடையாது. ஏனென்றால் திங்கள் என்கிற பெயருக்கும் செவ்வாய் என்கிற பெயருக்கும் என்ன உறவு என்று கணிப்பொறிக்குத் தெரியாது.

இங்கேதான் அணி வருகிறது. பழைய நாஞ்சில் நாட்டு வீடுகளில் பத்தாயம் பார்த்திருப்பீர்கள். ஒரே மரப்பெட்டி, உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும். பெட்டிக்கு ஒரே பெயர்தான், "பத்தாயம்". விதைநெல் எடுக்கணும் என்றால் "பத்தாயத்துல மூணாவது அறையைத் திற" என்போம். அணியும் அதேதான். பெயர் ஒன்று, அறை பல, ஒவ்வொரு அறைக்கும் ஒரு எண். எடை(1) திங்கள், எடை(2) செவ்வாய், எடை(6) சனி. அடைப்புக்குறிக்குள் இருக்கிற எண்ணுக்குக் கீழெண் என்று பெயர்.

அடைப்புக்குறிக்குள் எண்ணைத்தான் போடணும் என்று கட்டாயம் இல்லை, மாறியையும் போடலாம். பாடத்தின் உயிர் இந்த இடம்தான். எடை(ஐ) என்று எழுதினால், அந்த நேரத்தில் ஐ-யின் மதிப்பு என்னவோ அந்த அறையைக் கணிப்பொறி திறக்கும். ஐ 1-லிருந்து 6 வரை ஓடினால் ஆறு அறையும் தானாகத் திறக்கும். இது பிடிபட்டுவிட்டால் அணிப்பாடம் முக்கால்வாசி முடிந்தது.

(எல்லாரும் ஐ, ஜே என்றே ஏன் வைக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: பேசிக்குக்கு முன்னால் 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில், தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் ஐ முதல் என் வரை உள்ள எழுத்துகளில் தொடங்கும் மாறிகள் முழு எண்ணுக்கு என்று விதி. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.)

அறிவிப்பது எப்படி?

பத்தாயம் வாங்குமுன் எத்தனை அறை என்று ஆசாரியிடம் சொல்லணும் இல்லையா? பேசிக்கில் அதற்கு டிம் கட்டளை. "டைமன்ஷன்" என்பதன் சுருக்கம், ஃபோர்ட்ரானிலிருந்து வந்தது.

10 டிம் எடை(6)

இந்த வரி ஓடியதும் நினைவகத்தில் இடம் ஒதுக்கப்படும். எத்தனை அறைக்கு? ஆறு என்று சொன்னால் தப்பு. ஏழு! பேசிக்கில் கீழெண் 0-விலிருந்து தொடங்கும். எடை(0), எடை(1)... எடை(6) வரை ஏழு அறை. டிம்மில் போடுகிற எண், அறைகளின் எண்ணிக்கை அல்ல, கடைசி அறையின் எண்.

இதைச் சி மொழியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் எங்கள் வகுப்பிலேயே பத்துப்பேர் தேறுவார்கள். சி மொழியில் எடை[6] என்று அறிவித்தால் ஆறே அறைதான். 0 முதல் 5 வரை. எடை[6] என்கிற அறையே கிடையாது. பேசிக்கில் அதே எண் இருக்கிற அறை, சி-யில் இல்லாத அறை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வருகிற சார்மாருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜ்ய அறை வேண்டாம் என்றால் முதலில் "ஆப்ஷன் பேஸ் 1" என்று ஒரு வரி போட்டால் அறைகள் 1-லிருந்து தொடங்கும். சிலர் பூஜ்ய அறையில் மொத்தத் தொகையைப் போட்டு வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் எடை(0) என்ன என்று நமக்கே மறந்துபோகும். நான் பூஜ்ய அறையைச் சும்மா காலியாக விட்டுவிடுவேன். ஒரு அறை வீணானால் என்ன, கணிப்பொறிக்கு நட்டமா?

டிம் போடாமலே எடை(3) = 7800 என்று எழுதினாலும் பேசிக் ஏற்றுக்கொள்ளும். நாமே சொல்லாவிட்டால் கடைசி அறை 10 என்று அது எடுத்துக்கொள்ளும். இது உதவி மாதிரித் தெரிகிற தொந்தரவு. ஆறு நாளுக்குச் சரியாக ஓடுகிற நிரல், பன்னிரண்டு மாதத்துக்கு ஓட்டும்போது பதினொன்றாவது மாதத்தில் "சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று நின்றுவிடும். அக்டோபர் வரை நன்றாக ஓடினது நவம்பரில் ஏன் நிற்குது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எத்தனை சின்ன அணியானாலும் டிம் போடுங்கள்.

இன்னொன்று, ஒரு அணிக்கு ஒரு முறைதான் டிம். அதைச் சுற்றுக்குள் போட்டுவிட்டால் ஜிடபிள்யூ-பேசிக்கில் இரண்டாம் சுற்றிலேயே "டூப்ளிகேட் டெஃபினிஷன்" வரும். அணியைப் பயன்படுத்தின பிறகு டிம் போட்டாலும் அதே பிழைதான், பேசிக் ஏற்கெனவே தானாக ஒரு அணி கட்டிவிட்டதல்லவா! டிம்முக்கு நிரலின் உச்சிதான் இடம்.

எழுத்துகளை வைக்கிற அணிக்குப் பெயரின் கடைசியில் $ குறி போடணும். பெயர்$(6) என்பது போல. % போட்டால் முழு எண் அணி, அறைக்கு 2 பைட். ஒன்றும் போடாவிட்டால் தசம எண் அணி, அறைக்கு 4 பைட்.

கணிப்பொறி எப்படி நேராக மூன்றாவது அறைக்குப் போகிறது? அறைகள் நினைவகத்தில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. எடை(0) இருக்கும் முகவரி 5000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு அறைக்கு 4 பைட். எடை(3) எங்கே? 5000 + 3 × 4 = 5012. ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். ஆயிரமாவது அறையானாலும் இதே வேலைதான். ஒவ்வொரு அறையாக எண்ணிக்கொண்டு போகவேண்டியதில்லை. கீழெண் 0-விலிருந்து தொடங்குவதற்கும் காரணம் இதில் இருக்கிறது. முதல் அறைக்குத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம்? பூஜ்யம்.

அம்மையின் கணக்கு

இப்போது நிரலைப் பார்ப்போம்.

10 டிம் எடை(6)
20 ஃபார் ஐ = 1 டு 6
30 ரீட் எடை(ஐ)
40 நெக்ஸ்ட் ஐ
50 தொகை = 0 : கிலோ = 0
60 ஃபார் ஐ = 1 டு 6
70 தொகை = தொகை + எடை(ஐ)
80 கிலோ = கிலோ + இன்ட்(எடை(ஐ) / 1000)
90 நெக்ஸ்ட் ஐ
100 பிரிண்ட் தொகை / 1000, கிலோ
110 டேட்டா 7600, 8400, 7800, 6900, 8700, 7500

டேட்டா வரியில் இருக்கிற எண்களை ரீட் ஒவ்வொன்றாக எடுத்து அறைகளில் போடும். 70-ஆம் வரி கிராமைக் கூட்டுகிறது. 80-ஆம் வரியில் இருக்கிற இன்ட், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். 7.6 கிலோ 7 ஆகும், 6.9 கிலோவும் 6 ஆகும்.

ஓட்டினால் என்ன வரும்? 46.9 என்றும் 43 என்றும் இரண்டு எண் வரும்.

80-ஆம் வரியை நான் சும்மா போடவில்லை. அந்த ஆபீசில் கணக்கு எழுதுவது அப்படித்தான். ஒவ்வொரு நாளும் கிலோவுக்கு மேல் இருக்கிற கிராமை எழுதமாட்டார்கள். "சில்லறை எதுக்கு, போட்டும்" என்பார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு கிராம், நானூறு கிராம் என்று பார்த்தால் பெரிதாகத் தெரியாது. அம்மையும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. அணியில் போட்டு இரண்டு விதமாகவும் கூட்டினபோது ஒரு வாரத்துக்கு 3.9 கிலோ காணாமல் போயிருக்கிறது. வாரக் கடைசியில் ஒரே ஒரு தடவை சில்லறையை வெட்டியிருந்தால்கூட 46 கிலோ வந்திருக்கும். ஒவ்வொரு நாளும் வெட்டுவதால் அரைநாள் உழைப்புக்குக் கூலி இல்லை! ஒரு கிலோவுக்கு என்ன கூலியோ அதை 3.9-ஆல் பெருக்கி, வருஷத்துக்கு எத்தனை வாரமோ அத்தனையால் பெருக்கிப் பாருங்கள். பிறகு ஒரு கூடத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் நினைத்துப் பாருங்கள்.

தாளில் எழுதி அம்மையிடம் கொடுத்தேன். அம்மைக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் "46.9, 43" என்று சொன்னதும் உடனே புரிந்துவிட்டது. மறுவாரம் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. இப்போதைக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பெண்களும் கிராமோடு எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் தங்கச்சிக்கு நாலு நோட்டு கூடிப்போச்சு.

கூட்டல் எல்லாம் கால்குலேட்டரிலேயே போடலாமே, இதற்கு நிரல் எதற்கு என்று ஒரு நண்பன் கேட்டான். ஒரு வாரத்துக்குப் போடலாம். ஐம்பது வாரத்துக்கு, இருபது பெண்களுக்கு, இரண்டு விதமாகப் போட முடியுமா? நிரலில் மாறவேண்டியது டேட்டா வரியும், 6 என்கிற எண்ணும்தான்.

இங்கே இரண்டு நுணுக்கம் இருக்கிறது. எடையை ஏன் 7.6 என்று கிலோவில் வைக்காமல் 7600 என்று கிராமில் வைத்தேன்? கணிப்பொறி எல்லாவற்றையும் இரண்டடி எண்ணில் வைக்கிறது. 7.6 மாதிரி தசமங்களை அதில் மிச்சம் இல்லாமல் எழுத முடியாது, கிட்டத்தட்டத்தான் வைக்கும். நிறையக் கூட்டினால் கடைசியில் 46.9-க்குப் பதிலாக ஒட்டும் குறையுமாக ஒரு எண் வரலாம். கூலிக் கணக்கில் அது வேண்டாம். அதனால் பணமானால் பைசா, எடையானால் கிராம் என்று முழு எண்ணாக வைத்து, அச்சடிக்கும்போது வகுத்துக்கொள்வதே நல்லது.

சரி, முழு எண்தானே, எடை%, தொகை% என்று வைத்தால் இடம் மிச்சமாகுமே? எடை% சரி. தொகை% கூடாது! 2 பைட் முழு எண்ணுக்கு உச்சவரம்பு 32767. நம்ம தொகை 46900. க்யூபேசிக்கில் "ஓவர்ஃப்ளோ" என்று ஐந்தாம் நாளிலேயே நின்றுவிடும். நாலு நாள் வரை 30700, ஐந்தாம் நாள் 39400. கூட்டிப் பாருங்க.

நம்ம ஊர் அணைகள்

அடுத்து, ஒரே அணி போதாத இடம். தினமும் பத்திரிகையில் குமரி மாவட்ட அணைகளின் நீர்மட்டம் வரும். விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்த நாலு வரிக்காகவே பத்திரிகை வாங்குகிறவர்கள் உண்டு. ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்களா, கன்னிப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் ஏலாவின் கடைமடை வரை வருமா, கும்பப்பூவுக்கு மிஞ்சுமா என்பதெல்லாம் அந்த எண்களில் இருக்கிறது. பேச்சிப்பாறை 1906-இல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவு உயரம் 48 அடி. பெருஞ்சாணி 77 அடி. சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி. பொய்கை 42.65 அடி. மாம்பழத்துறையாறு 54.12 அடி.

எந்த அணை நிறைய இன்னும் அதிக அடி வேண்டும் என்று வரிசைப்படுத்துவோம்.

10 டிம் பெயர்$(6), முழு(6), இன்று(6), குறை(6)
20 ஃபார் ஐ = 1 டு 6
30 ரீட் பெயர்$(ஐ), முழு(ஐ)
40 பிரிண்ட் பெயர்$(ஐ);
50 இன்புட் இன்று(ஐ)
60 குறை(ஐ) = முழு(ஐ) - இன்று(ஐ)
70 நெக்ஸ்ட் ஐ
80 ஃபார் ஐ = 1 டு 5
90 ஃபார் ஜே = ஐ + 1 டு 6
100 இஃப் குறை(ஜே) > குறை(ஐ) தென் ஸ்வாப் குறை(ஐ), குறை(ஜே) : ஸ்வாப் பெயர்$(ஐ), பெயர்$(ஜே)
110 நெக்ஸ்ட் ஜே
120 நெக்ஸ்ட் ஐ
130 ஃபார் ஐ = 1 டு 6
140 பிரிண்ட் பெயர்$(ஐ), குறை(ஐ)
150 நெக்ஸ்ட் ஐ
160 டேட்டா பேச்சிப்பாறை, 48, பெருஞ்சாணி, 77
170 டேட்டா சிற்றாறு1, 18, சிற்றாறு2, 18
180 டேட்டா பொய்கை, 42.65, மாம்பழத்துறையாறு, 54.12

இன்றைய மட்டத்தைப் பத்திரிகை பார்த்து நீங்களே கொடுங்கள். நாலு அணி இருக்கிறது, நாலிலும் ஐ-ஆவது அறை ஒரே அணைக்கட்டுக்கு உரியது. (அணை வேறு, அணி வேறு! அச்சுக்கோக்கிற அண்ணன் மன்னிக்கணும்.) அதனால்தான் 100-ஆம் வரியில் குறையை மாற்றினதோடு பெயரையும் மாற்றுகிறோம். பெயரை விட்டுவிட்டால் சிற்றாறின் கணக்கு பெருஞ்சாணியின் தலையில் போய் விழும். நிரல் பிழை காட்டாது, ஜோராக ஓடும், விடை மட்டும் பொய்யாக இருக்கும். இந்த மாதிரிப் பிழைதான் பயப்பட வேண்டிய பிழை.

இன்னும் ஒன்றைக் கவனித்தீர்களா? 150-ஆம் வரிக்குப் பிறகு முழு(1) யாருடையது? பேச்சிப்பாறையுடையதுதான். ஆனால் பெயர்$(1) இப்போது வேறு அணையாக இருக்கலாம். முழு, இன்று இரண்டையும் ஸ்வாப் செய்யவில்லையே! அச்சடிக்கும்போது அவையும் வேண்டுமென்றால் 100-ஆம் வரியில் அவற்றையும் சேர்க்கணும்.

உள் சுற்று எத்தனை தடவை ஒப்பிடுகிறது? 5 + 4 + 3 + 2 + 1 = 15. ஆறுக்கு 15. அறுபது பொருளுக்கு 1770. பொருள் பத்து மடங்கு, வேலை நூறு மடங்குக்கு மேல். வேகமான வரிசைப்படுத்தும் முறைகள் எதற்கு என்று அடுத்த ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் கேட்பீர்கள், பதில் இதுதான்.

இன்னொரு விஷயம். அடியை மட்டும் வைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்லிவிட முடியாது. பொய்கையின் 42.65 அடியும் பேச்சிப்பாறையின் 48 அடியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் பேச்சிப்பாறை பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம். நிரல் கொடுக்கிற வரிசையைப் பார்த்துவிட்டு இந்த அணையில்தான் தண்ணீர் பஞ்சம் என்று சொல்லக்கூடாது.

மிகக் குறைந்ததைக் கண்டுபிடிக்கும்போது எல்லாரும் "சிறிது = 0" என்று தொடங்குகிறார்கள். அணையில் எத்தனை அடி இருந்தாலும் 0-வைவிடச் சிறியதாக வராதே! விடை எப்போதும் 0 தான். பெரியதைக் கண்டுபிடிக்க "பெரிது = 0" என்று தொடங்கினால் பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் அதுவும் ஆபத்து. நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தருகிற முக்கடல் அணையின் மட்டம் வெயில் காலத்தில் மைனஸ் கணக்கில் பத்திரிகையில் வந்ததுண்டு. அணி முழுக்க மைனஸ் எண் இருந்தால் விடை 0 என்று வரும், அப்படி ஒரு எண் அணியிலேயே இருக்காது. பெரிது = இன்று(1) என்று முதல் அறையை வைத்துத் தொடங்கி, 2-லிருந்து ஒப்பிடுங்கள். எல்லா மொழிக்கும் இதே விதி.

இரட்டைக் கீழெண்

ஆறு அணைக்கும் ஒரு மாதத்து மட்டத்தை வைக்கணும் என்றால் டிம் மட்டம்(6, 30). முதல் எண் அணை, இரண்டாவது எண் நாள். மட்டம்(2, 15) என்றால் பெருஞ்சாணியில் பதினைந்தாம் தேதி. நம்ம வகுப்பு மார்க் லிஸ்ட் மாதிரி, வரிசை ஒன்று, பத்தி ஒன்று. பூஜ்ய அறைகளையும் சேர்த்து 7 × 31 = 217 அறை, அறைக்கு 4 பைட் வீதம் 868 பைட். இதில் சுற்றுக்குள் சுற்று வேண்டும். வெளிச்சுற்று அணைக்கு, உள்சுற்று நாளுக்கு. ஒரு அணையின் மாதச் சராசரி வேண்டுமானால் தொகை = 0 என்கிற வரி உள்சுற்றுக்கு வெளியே, வெளிச்சுற்றுக்கு உள்ளே இருக்கணும். இடம் மாறினால் பேச்சிப்பாறைத் தண்ணீர் எல்லா அணைக்கும் பாயும்!

மற்ற மொழிகளில்

சி மொழியில் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பேசிக், "அந்த அறை இல்லை" என்று நிறுத்திவிடும். சி நிறுத்தாது. எடை[6] = 100 என்று எழுதினால், அணிக்குப் பக்கத்தில் வேறு எந்த மாறி இருக்கிறதோ அதன்மேல் போய் எழுதிவிடலாம். சில நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், சில நேரம் நிரல் செத்துப்போகும், சில நேரம் வேறு எங்கேயோ ஒரு எண் மாறிக் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பத்தாயத்தில் நெல்லைக் கொட்டின மாதிரி. முதலில் பேசிக்கில் பழகுங்கள் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இது. தப்பு செய்தால் எங்கே செய்தோம் என்று வரி எண்ணோடு சொல்கிற மொழி, சொல்லித்தர ஆள் இல்லாதவனுக்கு ஒரு வாத்தியார்.

பைத்தானில் இதற்குப் பட்டியல் என்று பெயர். நீளத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டாம், சேர்க்கச் சேர்க்க வளரும், 0-விலிருந்து தொடங்கும். அந்தப் பைத்தான் மேலேயே கட்டப்பட்ட "எழில்" என்ற தமிழ் நிரல்மொழியும் இருக்கிறது. முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கினது. 2009-இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதில் பிரிண்டுக்குப் பதில் "பதிப்பி" என்று தமிழிலேயே தட்டலாம். ஆங்கிலத்தைப் பார்த்தே பயந்து ஒதுங்குகிற தம்பிமார் அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பயிற்சிக்கு மூன்று

1. அம்மையின் கணக்கு நிரலில், எந்த நாளில் அதிகக் கிராம் வெட்டுப்பட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு மூன்று வரி சேருங்கள். (விடை நாலாம் நாள், 900 கிராம்.) நாளின் எண்ணோடு பெயரும் அச்சாகணும்.

2. உங்கள் வருகைப் பதிவை ஒரு அணியில் போட்டு, 75 சதவீதத்துக்கு இன்னும் எத்தனை நாள் வரணும் என்று கணக்கிடுங்கள். இது சிலருக்கு அவசரம்!

3. டிம் மட்டம்(6, 30) அணியில், முந்தின நாளைவிட ஒரே நாளில் அதிகம் உயர்ந்த அணை எது, எந்தத் தேதியில் என்று கண்டுபிடியுங்கள். முதல் தேதிக்கு முந்தின நாள் கிடையாது, அதை எப்படிச் சமாளிப்பீர்கள்? பூஜ்ய அறையைச் சும்மா விட்டேனே, அது இங்கே கைகொடுக்கும். போன மாதக் கடைசி நாள் மட்டத்தை மட்டம்(ஐ, 0)-வில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதை முடித்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் என்னை வந்து பாருங்கள். உங்கள் நிரலையும் என் நிரலையும் ஒரே டேட்டாவில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.